காற்றில்லாத பை

எகிப்தில் எங்கள் நபரோ ஊரில் ஊறல் மீன் வாடைக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. எங்களுக்குச் சோறு போடுகிற வாடை அது. வெளியூர்க்காரன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தைச் சுளிப்பான். அவனே பொழுது சாய்வதற்குள் ஃபசீக் என்கிற அந்த ஊறல் மீனில் இரண்டு கிலோ வாங்கிக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவான். கடைத்தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஃபசீக் கடைகள்தான். மற்றவர்கள் மீனை விற்றார்கள். மித்வல்லி தன் வாயை விற்றார், மீன் கூடவே போயிற்று.

அப்படி ஒரு வாய். விலை கேட்டுவிட்டு யோசிக்கிற பெண்ணிடம், "அடுத்த தெருவுல பூனைக்குப் போடுற மீன் மலிவு தங்கச்சி. உங்க வீட்டுக்காரருக்கு அதுவே ஜாஸ்தி" என்பார். கூட்டம் சிரிக்கும். அந்தப் பெண் முகம் சிவந்து அவரிடமே வாங்கிக்கொண்டு போவாள். எதிர்க்கடைக்காரருக்குக் குழந்தை இல்லை என்பதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்காட்டாமல் மித்வல்லிக்கு ஒரு வருடமும் போனதில்லை. வீட்டிலும் இதே கதைதான். மனைவி கௌஸர் கல்யாணமான நாளிலிருந்து பின்கட்டில் உட்கார்ந்து மீனுக்கு உப்பு அடைத்தவள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். வருடக்கணக்காக அந்த நெடியிலேயே கிடந்து மோப்பமும் போய்விட்டது. "என் பொண்டாட்டிக்கு மூக்கு சும்மா அலங்காரத்துக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் அவளைக் காட்டுவார். அவளும் சிரிப்பாள், வேறென்ன செய்ய.

ஃபசீக் வாங்க ஒரு முறை உண்டு. கடைக்காரர் மீனின் செவுளுக்குப் பின்னால் கத்தி முனையால் ஒரு கீறு கீறி, தோலைக் கட்டைவிரலால் தூக்கி, வாங்குகிறவரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவர் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் மீன் தராசில் ஏறும். மித்வல்லி இன்னும் ஒரு படி மேலே போவார். எவனாவது முகர்ந்துவிட்டுத் தயங்கினால் அதே மீனிலிருந்து ஒரு விள்ளல் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்வார். "நான் திங்காததை உனக்குக் குடுப்பனா?" என்று கேட்டுக்கொண்டே மெல்லுவார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் மீன் தின்று ஒருவனுக்கும் வயிறு வலித்ததாகக் கூடக் கேள்விப்பட்டதில்லை, அது உண்மை. அந்தக் காலத்தில் உப்பு சரியாக இருந்தது, ஊறுகிற நாள் சரியாக இருந்தது.

வேலையை அவர் தகப்பனிடம் கற்றவர். மடவை மீனைக் கொஞ்சம் வெயிலில் காயவிட்டு, செவுளிலும் கண்ணிலும் உப்பை அடைத்து, பீப்பாயில் அடுக்கி, மேலே துணி போட்டு, பலகை வைத்து, கல்லை ஏற்றி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். "காத்து ஒரு திருடன்" என்பது மித்வல்லியின் பேச்சு. "அவன் உள்ள வந்தான்னா ஈ வரும், புழு வரும், எல்லாம் வரும். அவனை வெளியில நிறுத்திட்டா மீன் மகாராணி மாதிரி தூங்கும்." உப்பும் நாளும் செய்கிற வேலையை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. திருடனை வெளியே நிறுத்தியதால்தான் மீன் பிழைத்தது என்று உறுதியாக நம்பினார்.

போன குளிர்காலத்தில் அவர் மகன் பஹ்கத் பக்கத்து நகரமான மன்ஸூராவில் ஒரு மிஷினைப் பார்த்துவிட்டு வந்தான். பையில் மீனைப் போட்டுப் பையின் வாயை அதில் வைத்தால் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு ஒட்டித் தருகிற மிஷின். குவைத்துக்கும் இத்தாலிக்கும் போகிற பிள்ளைகளுக்கு ஃபசீக் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் வாடை அடிக்கக் கூடாது, விமானத்தில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பனும் மகனும் போய் மிஷினை வாங்கினார்கள். விற்றவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"பையில போட்டாலும் பிரிட்ஜுல வைக்கணும் முதலாளி. காத்தை எடுக்குறது பாதி வேலைதான்."

"நீ மிஷினை வித்துட்டேல்ல?" என்றார் மித்வல்லி. "மீனைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. காத்தே இல்லாத இடத்துல எது கெடும்?"

அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. தகப்பன் கல்லை ஏற்றியும் துணியை அடைத்தும் முழுசாகத் துரத்த முடியாத திருடனை ஒரு பெட்டி இரண்டு உறிஞ்சலில் துரத்திவிட்டது. பை மீனின் மேல் நனைந்த சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. காற்றே இல்லை என்றால் இவ்வளவு உப்பு எதற்கு?

"கெடுக்கிறவனே வீட்டுக்குள்ள இல்ல, அப்புறம் காவலுக்கு ஆள் எதுக்கு?" என்று கௌஸரிடம் சொன்னார். "உப்பையும் நாளையும் பாதியாக் குறை. ரத்தக் கொதிப்புக்காரங்க எல்லாம் உப்பு கம்மியா இருந்தா நல்லாயிருக்கும்னு கேக்குறாங்க."

"நாள் காணாதுங்களே. உப்பு இன்னும் முள்ளு வரைக்கும் இறங்கல" என்றாள் கௌஸர்.

"உனக்கு எப்படித் தெரியும்? மோந்து பாத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவள் உப்பைப் பாதியாக அள்ளினாள்.

பாதி உப்பு, பாதி நாள். மீன் வெள்ளை வெளேரென்று, தோல் மினுங்க, புது மீன் மாதிரி இருந்தது. பைகளைக் கடையின் முன்கண்ணாடியில் வரிசையாகத் தொங்கவிட்டார், வெயில் பட்டு இன்னும் மினுங்கட்டும் என்று. சனம் நின்று பார்த்தது. பையை வாங்குகிறவன் முகர்ந்து பார்க்க முடியாது; அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. மித்வல்லி சொன்னால் போதாதா?

வெயில் ஏற ஏறச் சில பைகள் உப்பின. அவர் பை மூலையில் ஊசியால் ஒரு குத்து குத்தி, காற்றை வெளியேற்றி, குத்தின மூலையை மறுபடி மிஷினில் வைத்து ஒட்டிவிட்டார். "மீனுக்கும் வாயுத்தொல்லை வருது பாரு" என்று மகனிடம் சொன்னார். பஹ்கத் சிரித்தான். குத்தின பைகளை மட்டும் தனியாக ஒரு கூடையில் போட்டு வைத்தார். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை, அந்த அளவுக்குத் தொழில் தெரிந்தவர்தான்.

அந்தக் கூடையிலிருந்து ஒரு பைதான் ஷிஹாத்தாவுக்குப் போயிற்று.

ஷிஹாத்தா கழுதை வண்டிக்காரன். அவன் மனைவி ஸனிய்யா மித்வல்லி கடைத் தூணோரம் சாக்கை விரித்து வெங்காயத்தாளும் எலுமிச்சையும் விற்றாள். இரண்டும் இல்லாமல் ஃபசீக் தொண்டையில் இறங்காது, ஆகவே அவளுக்கு அந்த இடம் நல்ல இடம். இடத்தைக் கொடுத்தவர் மித்வல்லி. அதைத் தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக ஷிஹாத்தா பீப்பாய்களைச் சும்மா ஏற்றி இறக்கிக் கொடுத்தான். அன்று ஏதோ தாராள மனசு வந்து, "இந்தா, வண்டிக்காரா, துரைமாருங்க திங்கிற மீனு, போய்த் தின்னு" என்று ஒரு பையைத் தூக்கிப் போட்டார்.

அவன் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டான். அவ்வளவு மீனையும் ஒரு முள் விடாமல். "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு வாய் வெக்கல பாரு, நீயெல்லாம் அப்பனா?" என்று ஸனிய்யா அவனைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.

மறுநாள் வண்டியோட்டும்போது அவனுக்குப் பாதை இரண்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்து, "ரெண்டு ஸனிய்யா தெரியுது. ஒண்ணையே என்னால தாங்க முடியல" என்றான். அவள் சிரித்தாள். பிறகு அவன் வாய் காய்ந்தது, தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. இமை இரண்டும் கடைக் கதவு மாதிரி கீழே இறங்கின. தூங்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். விரலைப் பிடித்தால் திருப்பிப் பிடித்தான், பிறகு அதுவும் இல்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர் பக்கவாதம் என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அவனுடைய வண்டியிலேயே மூச்சு நின்றது.

ஷம்முன்னசீம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் நாடே காற்று வாங்கப் புறப்படும் திருநாள். தோட்டத்துக்கும் ஆற்றங்கரைக்கும் குடும்பம் குடும்பமாகப் போய் ஃபசீக்கைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். வருடம் முழுக்க நபரோ சாப்பிடுவது அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான். கடையில் ஆள் மேல் ஆள் நிற்கும்போது ஸனிய்யா கறுப்புத் துணியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க குடுத்த பை மீனைத் தின்ன பிறகுதான் அவருக்கு அப்படி ஆச்சு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "வேற ஒண்ணும் திங்கல. எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. அந்தப் பைகளை எடுத்துருங்க. வேற வீட்லயும் புள்ளைங்க இருக்கும்."

மித்வல்லி கத்தியைக் கீழே வைத்தார்.

"புருசன் செத்து இத்தான்னு வீட்டோட துக்கம் காக்க வேண்டியவ தெருவுல வந்து நிக்கிறா, பாருங்க சனங்களே" என்று ஆரம்பித்தார். "புருசன் மண்ணு காயல. அவனைக் கொன்னது என் மீனில்ல அம்மா, உன் நாக்கு. தினம் அதைக் கேட்டுக் கேட்டே நரம்பு அறுந்திருக்கும். கழுதைகூட அவனை விட நல்லா வாழ்ந்துச்சு. நெழலு குடுத்தேன், மீன் குடுத்தேன், இப்ப என் தலையில மண்ணள்ளிப் போட வந்திருக்கா." அவர் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். ஒரு கிழவர் மட்டும் போதும் விடுங்க என்றார். மற்றவர்கள் பாதி சிரித்தார்கள், பாதி தரையைப் பார்த்தார்கள்.

ஸனிய்யா நகரவில்லை. "அப்ப நீங்க தின்னுங்க" என்றாள்.

அவ்வளவு பேர் முன்னால். அவருடைய பழைய வழக்கத்தையே அவரிடம் கேட்டாள். மித்வல்லி கை நீட்டி முன்கண்ணாடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். வெயிலில் ரொம்ப நாளாகத் தொங்கினது. கத்தியால் கிழித்து, மீனைக் கீறி, முதலில் கூட்டத்துக்கு நீட்டினார். முகர்ந்தவர்கள் நல்ல வாடைதான் என்றார்கள். உண்மையிலேயே நல்ல வாடைதான். கெட்ட வாடை அடிக்க வைக்கிறதெல்லாம் காற்று வேண்டும் என்று கேட்கிற பூச்சி. காற்று வேண்டாம் என்கிற ஒன்று உள்ளே சத்தம் போடாமல், வாடை காட்டாமல் பெருத்துக்கொண்டிருந்தது. எங்களில் யாருக்கு அது தெரியும்? அவர் முழு மீனையும் தின்றார். ரொட்டி இல்லாமல், எலுமிச்சை இல்லாமல், ஸனிய்யாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றார். விரலை நக்கினார். பிறகு அவளுடைய வெங்காயச் சாக்கைக் காலால் தெருவுக்குத் தள்ளினார். அன்று பைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பஹ்கத் ராத்திரிக்குள் இன்னும் போடுவதாக வாக்குக் கொடுத்தான்.

கடை மூடின பிறகு மித்வல்லி மனைவியையும் மகனையும் உட்கார வைத்தார்.

"அந்த முண்டை சுகாதாரத்துறைக்குப் போனாலும் போவா. யார் வந்து கேட்டாலும் ஒரே பதில். ஷிஹாத்தாவுக்குப் பக்கவாதம். நாம யாருக்கும் மீனைச் சும்மா குடுக்கல. நம்ம வீட்ல ரத்தக் கொதிப்பு, யாரும் ஃபசீக்கைத் தொடுறதே இல்ல. எங்க, சொல்லு."

கௌஸர் தயங்கினாள். "ஏங்க, அந்தப் பைகளை எடுத்துட்டா என்ன?"

"சொல்லுன்னா சொல்லு."

அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தை பிசகினதற்கு இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் தராசில் மீன் வைக்கும்போது அவருக்குத் தட்டு நான்காகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். முன்னால் நின்ற வாடிக்கையாளருக்கு இரண்டு தலை. வாயில் எச்சில் ஊறவில்லை. ஷிஹாத்தா சொன்ன வேடிக்கைப் பேச்சைத் தெருவே சொல்லிச் சிரித்திருந்தது, அவருக்கும் தெரியும். கல்லாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்ன ஆகிறது என்று அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மன்ஸூராவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா இளம் வயது. இமையைத் தூக்கிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், காலைத் தட்டினாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"ஐயா, ஃபசீக் சாப்பிட்டீங்களா?"

அப்போது அவர் நாக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் தடித்திருந்தாலும். ஒரு வார்த்தை போதும். ஆனால் மித்வல்லி கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் இவள் உடனே ஃபோனை எடுப்பாள். கடைக்குச் சீல் வைப்பார்கள், அதுவும் திருநாளுக்கு முந்தி. ஷிஹாத்தா பேச்சு கிளம்பும். அப்புறம் போலீஸ். ஸனிய்யா சந்தையில் நின்று எல்லாரிடமும் சொல்லுவாள். இரண்டு நாள்தானே, வியாபாரம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இந்த உடம்பு எவ்வளவோ மீன் தின்ற உடம்பு.

"இல்லம்மா" என்றார். "ரத்தக் கொதிப்பு. வீட்ல யாரும் தொடுறதில்ல."

விடிவதற்குள் நாக்கு போய்விட்டது. வாய்க்குள் யாரோ மாவு உருண்டையைத் திணித்துவிட்டது போல அது அசையாமல் கிடந்தது. ஆமாம் என்று சொல்லப் பார்த்தார். ஒரு காற்றுச் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கழுத்து போயிற்று, தோள் போயிற்று, கை போயிற்று. மேலிருந்து கீழே, மாடியில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி இறங்கிற்று. ஆனால் காது இருந்தது. புத்தி கத்தி மாதிரி இருந்தது. இமை மூடியிருந்ததால் எல்லாரும் அவர் மயக்கத்தில் இருப்பதாக நினைத்தார்கள்.

டாக்டரம்மா மறுபடி வந்தாள். பஹ்கத்தையும் கௌஸரையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கேட்டாள்.

"பக்கவாதம்னா ஒரு பக்கம் விழும். இவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுது. எனக்கு மீன் விஷம்னு சந்தேகமா இருக்கு. மருந்து கெய்ரோவுல இருக்கு, கொஞ்சமாத்தான் இருக்கு. சாப்பிட்டார்னு யாராவது சொன்னாத்தான் தருவாங்க. இப்பக் குடுத்தா பிழைக்க வழி இருக்கு. நேரம் போச்சுன்னா மருந்து இருந்தும் பிரயோஜனம் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஃபசீக் சாப்பிட்டாரா?"

சொல்லுடா, என்று மித்வல்லி கத்தினார். உள்ளேதான் கத்தினார். சொல்லுடா நாயே, கடை கிடக்கட்டும், சொல்லு.

"இல்லீங்க டாக்டர். நம்ம வீட்ல ரத்தக் கொதிப்பு, யாரும் தொடுறதில்ல" என்றான் பஹ்கத். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"அம்மா, நீங்க?"

கௌஸர் புருசன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து, அது என்ன சொல்கிறதோ அதைத்தான் அவள் பேசியிருக்கிறாள். புருவம் சுருங்கினால் ஒரு பேச்சு, உதடு கோணினால் ஒரு பேச்சு. இப்போது அது ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடைசியாக என்ன சொல்லியிருந்தாரோ அதையே அவள் சொன்னாள். "யாரும் ஃபசீக்கைத் தொடுறதே இல்லம்மா."

டாக்டரம்மா போன பிறகு மகன் குனிந்து காதில் பேசினான். "வாப்பா, நீங்க சொன்னபடியே சொல்லிட்டோம், கவலைப்படாதீங்க. கடையில கூட்டம் அலைமோதுது. திருநாள் முடியட்டும், நானே டாக்டர்கிட்ட சொல்றேன்." அவன் அப்பனுடைய கணக்கையே போட்டிருந்தான். அப்பன் வளர்த்த பிள்ளை, வேறெப்படி இருப்பான்? உப்பு அடைக்கக் கை போதவில்லை என்று தாயையும் கூட்டிக்கொண்டு போனான். "நர்ஸுங்க பாத்துப்பாங்க உம்மா, நாளைக்குச் சாயங்காலம் வந்துரலாம்."

திருநாள் அன்று காலையில் மித்வல்லி தன் வலது கால் கட்டைவிரலைக் கண்டுபிடித்தார். அது மட்டும் அசைந்தது. உடம்பு முழுக்கத் தேடினதில் கடைசியில் அங்கே ஒரு உயிர் மிச்சமிருந்தது. அதை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். போர்வைக்கு அடியில் யார் பார்ப்பது? டாக்டரம்மா வந்தால் இமையைத் தூக்குவாள், கையைப் பிடித்து, கேக்குதுன்னா அழுத்துங்க என்பாள், செத்த கையைக் கீழே வைத்துவிட்டுப் போவாள். மூச்சு நெஞ்சில் பாதி வரைக்கும்தான் இறங்கிற்று. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே பிள்ளைகள் காற்று வாங்கப் போகிற சத்தம் கேட்டது.

யாரோ வந்து உட்கார்ந்தார்கள். வெங்காயத்தாள் வாசனை அடித்தது.

"பக்கத்துக் கடைன்னு சொல்லி உள்ள வந்தேன்" என்றாள் ஸனிய்யா. "பாத்துட்டுப் போகலாம்னு."

பிறகு எழுந்து அவர் காலடிக்குப் போனாள். ஷிஹாத்தாவின் பாதம் கடைசியில் எப்படிச் சில்லிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் போர்வையைத் தூக்கி இவர் பாதத்தைத் தொட்டாள். கட்டைவிரல் ஆடியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி ஆடியது.

"நான் பேசுறது கேக்குதா?" விரல் ஆடியது.

ஸனிய்யா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து குனிந்தாள். அவரை இத்தனை வருடமும் அண்ணே என்று கூப்பிட்டவள், இப்போது கூப்பிடவில்லை.

"ஷிஹாத்தா உன் மீனைத் தின்னுதான் செத்தானா?"

விரல் ஆடியது. உடனே, அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே.

"அவனுக்குக் குடுத்தது கெட்ட பைன்னு உனக்குத் தெரியுமா?"

விரல் நின்றது. ஊசி, குத்தின பைகள், தனிக் கூடை எல்லாம் மித்வல்லிக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்லலாமா என்று அந்த நிலைமையிலும் யோசித்தார். பொய் என்றால் இவள் எழுந்து போய்விடுவாள். உண்மை சொன்னால், உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு இரக்கம் காட்டாமலா போவாள்? விரலை ஆட்டினார்.

அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, "டாக்டர்கிட்ட நான் சொல்லணுமா? நீ மீன் தின்னேன்னு?" என்று கேட்டாள்.

விரல் துடித்தது. கரையில் போட்ட மடவை மாதிரி துடித்தது. சொல்லு தாயே, சொல்லு, உனக்கு அந்தத் தூணோரம் முழுக்கத் தருகிறேன், கடையையே தருகிறேன், சொல்லு.

"இப்பக்கூட உனக்கு உசிரு வேணுங்கறதுக்காகத்தான் ஒத்துக்கிற" என்றாள் ஸனிய்யா. "அவன் என் விரலைப் புடிச்சுக்கிட்டே கெடந்தான். எல்லாம் கேட்டுச்சு அவனுக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல, நான் பக்கத்துல உக்காந்து அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன், நடிக்கிறான்னு." அவள் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பிறகு போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினாள். மூடினதோடு விடவில்லை. மெத்தைக்கு அடியில் கையை விட்டு, இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு என்று இறுக்கிச் செருகினாள். அவர் பலத்தையெல்லாம் திரட்டி ஆட்டினார். விரல் துணியில் முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா உள்ளே வந்தாள். "நீங்க யாரும்மா இவருக்கு?"

"பக்கத்துல வெங்காயம் விக்கிறேன் டாக்டரம்மா. முதலாளிதான் இடம் குடுத்திருந்தாரு."

"தினம் பாக்குறவங்கதானே. இவர் ஃபசீக் சாப்பிட்டதை யாராவது பாத்தாங்களா? வீட்ல இல்லேங்கிறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு உயிர் விஷயம்."

ஸனிய்யா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்க வீட்ல ரத்தக் கொதிப்பும்மா. யாரும் தொடுறதே இல்ல" என்றாள். "பக்கவாதம்னுதான் சொல்லிக்கிறாங்க. என் வீட்டுக்காரருக்கும் அதேதான் வந்துச்சு."

தரையில் வைத்திருந்த வெங்காயக் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். திருநாள் வியாபாரம் அவளுக்கும் இருந்தது, வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, டார்ச் விளக்கை எடுத்து, மித்வல்லியின் இமையை விரலால் தூக்கினாள். வெளிச்சத்துக்கு அப்பால் இரண்டு ஸனிய்யாக்கள் வாசலைத் தாண்டிப் போவது அவருக்குத் தெரிந்தது.